இறந்தவரின் கணக்குகளை அழித்துவிடலாமா?

பிப்ரவரி 9

"நான் இறந்த அன்றே என் கணக்குகள் எல்லாம் அழிந்துவிட வேண்டும். என் மின்னஞ்சலை என் பிள்ளைகள்கூடத் திறக்கக் கூடாது. செத்தவர்களின் பக்கங்களை இணையத்தில் அப்படியே விட்டுவைப்பது அநாகரிகம்." வாசகர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. பிள்ளைகள் திறக்கக் கூடாது என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அன்றே அழிய வேண்டும் என்றால் யார் அழிப்பது? நாம் கண்ணை மூடிய செய்தி எந்த நிறுவனத்துக்கும் தானாகப் போய்ச் சேருவதில்லை. எதுவும் சொல்லி வைக்காமல் போனவரின் கணக்குகள் அதனதன் விதிப்படி, வெவ்வேறு நாளில், யாரும் கேட்காத வரிசையில் முடிகின்றன. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் தொடர்பில்லாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்படும். கூகுளின் தனிநபர் கணக்கை இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாவிட்டால் நீக்கிவிடலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. ஃபேஸ்புக் பக்கம், யாராவது தெரிவிக்கும் வரை, உயிரோடு இருப்பவரின் பக்கமாகவே நிற்கும். பிறந்தநாள் வந்தால் வாழ்த்தச் சொல்லி நண்பர்களுக்கு நினைவூட்டும். சொந்த வலைத்தளத்தின் பெயர் காலாவதியாகும். கைப்பேசி எண் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும்.

எல்லாம் அழிய வேண்டும் என்று விரும்புகிறவரும் உட்கார்ந்து வேலை செய்தாக வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. சும்மா இருந்தால் அது நடக்காது.

பிப்ரவரி 9, இரவு

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறார்கள். இறந்துபோன என் அக்காவின் கணக்குகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். "எனக்கு இதெல்லாம் புரியாது, நீங்களே பாருங்கள் தம்பி" என்று அத்தான் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டார். திறக்கும் எண் அக்கா மகளுக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாமல் போயிருந்தால் நான் எழுதப்போகும் எதுவுமே நடந்திருக்காது.

காரியங்கள் முடிந்ததும் உறவினர் ஒருவர், எண்ணை ரத்து செய்துவிடுங்கள், வீணாக ஏன் பணம் கட்ட வேண்டும் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நல்லவேளையாக நண்பர் ஒருவர் தடுத்தார். மின்னஞ்சல், காப்பீடு, வருமான வரி, மின்கட்டணம் என்று எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அதனால் சிம் கார்டை எடுத்து என் பழைய பேசி ஒன்றில் போட்டு, ரீசார்ஜ் செய்துகொண்டே வந்தேன். அக்காவின் பேசி அணைந்த நிலையில் அலமாரியில் இருந்தது. சில மாதங்கள் அதைத் தொட எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓ.டி.பி. கையில் இருக்கிறது என்பதற்காக இறந்தவரின் வங்கிக் கணக்கில் அவர் பெயரால் நுழைந்து பணத்தை மாற்றுவது சட்டப்படி தவறு. வங்கிக்கு இறப்புச் சான்றிதழ், நியமனதாரர், வாரிசு ஆவணம் என்ற வழிதான். நான் எண்ணை வைத்திருந்தது பணத்துக்காக அல்ல. எங்கெங்கே கணக்கு இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. வந்து விழுந்த குறுஞ்செய்திகளைப் பார்த்துத்தான் பட்டியலே போட்டோம்.

பிப்ரவரி 10

மேலே 120 நாள் என்று எழுதியதை ஒரு தகவலாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு காலையில் எங்கள் குடும்பக் குழுவைத் திறந்தால், அக்கா பெயர், பக்கத்தில் "வெளியேறினார்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. முந்தின இரவு யாரோ போட்ட திருமணப் புகைப்படத்துக்கும் அன்றைய முதல் காலை வணக்கத்துக்கும் நடுவில் அது இருந்தது. "ஏன்டா, அவள் எங்கே போனாள்?" என்று அம்மா என்னிடம் கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். இருந்தும் கேட்டார்.

பேசியில் ஏற்கெனவே இருக்கும் உரையாடல்கள் இதனால் அழிவதில்லை. செயலியை நீக்காத வரை அவை அந்தக் கருவியிலேயே இருக்கும். பதற்றத்தில் செயலியை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்று யாரும் இறங்கிவிட வேண்டாம்.

பிப்ரவரி 12

"நீங்கள் சொல்வது குடும்பத்தார் துருவுவதற்கு வழிதானே" என்று முதல் வாசகர் மறுமொழி எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. இதே கேள்வியை ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே எடுத்து விசாரித்திருக்கிறது.

2012இல் பெர்லினில் 15 வயதுப் பெண் ஒருத்தி சுரங்க ரயிலில் அடிபட்டு இறந்தாள். விபத்தா, தற்கொலையா என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. ரயில் ஓட்டுநர் வேறு இழப்பீடு கேட்டிருந்தார். மகளின் ஃபேஸ்புக் கடவுச்சொல் தாயிடம் இருந்தது. ஆனால் அதற்குள் யாரோ மரணத்தைத் தெரிவித்துவிட, கணக்கு, இறந்தவரின் நினைவாகப் பூட்டி வைக்கப்படும் நினைவுப் பக்கமாக மாற்றப்பட்டுவிட்டது. அதன் பிறகு சரியான கடவுச்சொல்லைப் போட்டும் பயனில்லை. வழக்கு பல படிகள் ஏறி இறங்கியது. 2018 ஜூலையில் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கடிதமும் நாட்குறிப்பும் வாரிசுக்குப் போகும் என்றால் இதுவும் போகும் என்பது அதன் வாதம். தீர்ப்புக்குப் பிறகு நிறுவனம் 14,000 பக்கங்களுக்கும் மேற்பட்ட ஒரு பி.டி.எஃப். கோப்பை யு.எஸ்.பி.யில் போட்டுக் கொடுத்தது. அது போதாது, கணக்கின் உள்ளே போய்ப் பார்க்க விட வேண்டும் என்று 2020இல் அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கும் முன்னால் அமெரிக்காவில் இப்படி ஒன்று நடந்தது. 2004இல் இராக்கில் கொல்லப்பட்ட படைவீரர் ஒருவரின் தந்தை மகனின் மின்னஞ்சலைக் கேட்டபோது யாஹூ விதியைக் காட்டி மறுத்தது. 2005இல் மிச்சிகன் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகுதான் கடிதங்கள் அவர் கைக்கு வந்தன.

இந்த இரண்டு வழக்குகளிலும் என் மனம் பெற்றோர் பக்கம்தான். ஆனால் இரண்டிலும் போனவர் தன் விருப்பத்தைச் சொல்லவில்லை. அந்தப் பெண் "திறக்காதீர்கள்" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால்? அப்போது நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12, சற்றுப் பிறகு

மேலே எழுதியதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: ஃபேஸ்புக்கிடம் மரணத்தைத் தெரிவிக்க அவசரப்படாதீர்கள். நினைவுப் பக்கமாக மாறிய பின் உள்ளே யாராலும் நுழைய முடியாது. துக்கத்தில் இருக்கும் நண்பர்கள்தான் பெரும்பாலும் முதலில் தெரிவிப்பார்கள். "நாங்களே செய்கிறோம், சற்றுப் பொறுங்கள்" என்று அவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது.

பிப்ரவரி 13

நேற்றைய கேள்விக்கு என் சொந்த அனுபவத்திலிருந்துதான் பதில் தேட முடிகிறது.

அக்காவின் மின்னஞ்சலைத் திறந்தபோது பில்களையும் காப்பீட்டு எண்ணையும் தேடித்தான் போனேன். அதில் ஒரு பெண்ணிடமிருந்து வரிசையாகக் கடிதங்கள் வந்திருந்தன. அக்காவை நேரில் பார்த்திராதவர். அக்காவின் தையல் வலைப்பதிவைப் படித்து எழுதத் தொடங்கியவர். முதலில் அளவு சம்பந்தமான சந்தேகங்கள், பிறகு வீட்டு நிலவரம், பிறகு யாரிடமும் சொல்ல முடியாதவை. மேலே இருந்த கடிதத்தில் சில வரிகளைப் படித்ததுமே இது எனக்கு எழுதப்பட்டதல்ல என்று மூடிவிட்டேன். அது அக்காவின் ரகசியம்கூட அல்ல. உயிரோடு இருக்கும் ஒருவர், அக்காவை நம்பி மட்டும் எழுதிய வாழ்க்கை அது. வாரிசுரிமை என்று எதைக் காட்டினாலும் அதைப் படிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்த இடத்தில் முதல் வாசகர் சொல்வது சரி. "என் மின்னஞ்சல்" என்று நாம் சொல்வதில் பாதி மற்றவர்களுடையது. அதற்காகவாவது அதை எல்லார் முன்னும் திறந்து போடக் கூடாது.

ஆனால் அந்தக் கடிதங்களின் தேதிகளையும் பாருங்கள். கடைசியாக வந்தவை அக்கா இறந்த பிறகு எழுதப்பட்டவை. "ஏன் பதில் இல்லை? நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா?" என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார். அன்றே எல்லாம் அழிந்திருந்தால் அந்தப் பெண் ஆயுளுக்கும் தன்னையே நொந்துகொண்டிருப்பார். நான் அவருக்கு நாலு வரி எழுதினேன். என் பெயரில், என் முகவரியிலிருந்து. அக்காவின் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் திறக்கும் ஒரு நொடி அவர் என்ன நினைத்திருப்பார்! இதை எல்லாரும் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: இறந்தவர் கணக்கிலிருந்து எதையும் அனுப்பாதீர்கள்.

பிப்ரவரி 13, இரவு

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒருவர் இருந்தார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து 2014இல், 25 வயதில் இறந்தார். மகன் தனிமையில் கணினி விளையாட்டே கதியென்று கிடந்து போய்விட்டான் என்றுதான் பெற்றோர் வருந்தினார்கள். அவருடைய வலைப்பதிவின் கடவுச்சொல் அவர்களிடம் இருந்தது. அதில் மரணச் செய்தியைப் போட்டு, ஒரு மின்னஞ்சல் முகவரியையும் தந்தை சேர்த்தார். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் அவரோடு ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள், எங்கள் வாழ்க்கையில் அவன் இப்படியெல்லாம் துணை நின்றான் என்று எழுதினார்கள். சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள்.

ஒரே ஒரு கடவுச்சொல்தான். அது இல்லாமல் போயிருந்தால் அந்தப் பெற்றோருக்குத் தங்கள் மகன் யார் என்பதே தெரிந்திருக்காது.

பிப்ரவரி 16

சரி, என்ன செய்து வைப்பது என்று கேட்கிறார்கள். மூன்று பெரிய இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கூகுளில் 2013 முதல் ஒரு வசதி இருக்கிறது. கணக்கு இத்தனை காலம் அசைவற்றுக் கிடந்தால் இன்னாருக்குத் தெரிவி என்று சொல்லி வைக்கலாம். காலத்தை 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை நாமே தேர்ந்தெடுக்கலாம். பத்துப் பேர் வரை நியமிக்கலாம். ஒருவருக்குப் புகைப்படங்கள் மட்டும், இன்னொருவருக்கு ஆவணங்கள் மட்டும் என்று பிரித்தும் கொடுக்கலாம். அதோடு, எல்லாம் முடிந்த பின் கணக்கை அழித்துவிடு என்றும் சொல்லலாம். முதல் வாசகர் தேடும் வழி இதுதான்: யாரையும் நியமிக்காமல், மூன்று மாதம் என்று வைத்து, அழிப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அன்றே அழியாது, ஆனால் கட்டாயம் அழியும்.

ஆப்பிளில் இப்படி ஒரு வசதி 2021 டிசம்பரில் வந்தது. ஐந்து பேர் வரை நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு நீண்ட சாவி எண் கிடைக்கும். அந்த எண்ணும் இறப்புச் சான்றிதழும் சேர்ந்தால்தான் திறக்கும்; மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கு நீங்கிவிடும். அதில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் வாரிசுக்குக் கிடைக்காது. எண்ணை அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள். அது உங்கள் பேசிக்குள்ளேயே கிடந்தால் பயனில்லை.

ஃபேஸ்புக்கில் 2015 முதல் ஒருவரை நியமிக்கலாம். அவர் நினைவுப் பக்கத்தில் ஓர் அறிவிப்பை மேலே நிறுத்தி வைக்கலாம், முகப்புப் படத்தை மாற்றலாம், நட்பு அழைப்புகளைப் பார்க்கலாம். தனிச் செய்திகளைப் படிக்க முடியாது. முதலில் இந்தக் கட்டுப்பாடு எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தப் பெண்ணின் கடிதங்களைப் பார்த்த பிறகு இதுதான் சரியான ஏற்பாடு என்று தோன்றுகிறது. பக்கத்தைப் பேணுவது வேறு, பேச்சை ஒட்டுக்கேட்பது வேறு. இங்கும், இறப்புக்குப் பின் கணக்கையே நீக்கிவிடு என்று முன்கூட்டிச் சொல்லி வைக்க வழி உண்டு.

பிப்ரவரி 17

"இவ்வளவு எதற்கு, எல்லாக் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் போதாதா?"

போதாது. கடவுச்சொல் மாறும், தாள் மாறாது. இரண்டாம் படிச் சோதனை பேசிக்குத்தான் வரும். தாளில் எழுத வேண்டியது, பேசியைத் திறக்கும் எண்ணும் முதன்மை மின்னஞ்சலின் கடவுச்சொல்லும். மற்றவற்றை அந்த இரண்டையும் கொண்டே பெரும்பாலும் மீட்டுவிடலாம். கைரேகையையும் முகத்தையும் மட்டுமே நம்பித் திறக்கும் எண்ணை மறந்தே போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்றே அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

கடவுச்சொற்களை உயிலில் எழுதவே எழுதாதீர்கள். பல நாடுகளில் உயில் மெய்ப்பிக்கப்பட்ட பின் பொது ஆவணமாகிவிடுகிறது.

பிப்ரவரி 20

அக்காவின் வலைத்தளம் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லாமல்தான் தள்ளிப்போட்டேன்.

போய்விட்டது. சொந்தப் பெயரில் டொமைன், அதாவது வலைத்தள முகவரி, வாங்கி வைத்திருந்தார். ஆண்டுதோறும் அவர் அட்டையிலிருந்து தானாகப் பணம் போகும். வங்கிக்கு மரணத்தைத் தெரிவித்ததும் அட்டை முடங்கியது. "பணம் எடுக்க முடியவில்லை, புதுப்பியுங்கள்" என்று வந்த கடிதங்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலில், அலமாரியில் கிடந்த பேசிக்குள் கிடந்தன. காலாவதியான பெயரை மீட்க முதலில் ஒரு சலுகைக் காலமும், அதன்பின் வழக்கமாக 30 நாள் மீட்புக் காலமும் உண்டு. நாங்கள் பார்த்தபோது இரண்டும் கடந்துவிட்டன. பழைய, நல்ல பெயருள்ள முகவரிகள் எப்போது விடுபடும் என்று காத்திருந்து வாங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. இன்று அந்த முகவரியைத் தட்டினால் ஒரு சூதாட்டத் தளம் திறக்கிறது. அக்காவின் பெயரைத் தாங்கிய முகவரியில்.

குழந்தை உடுப்புக்கு அளவெடுப்பது எப்படி என்று அவர் எழுதிய தொடர் அங்கேதான் இருந்தது. குழந்தை ஓரிடத்தில் நிற்காது, அதனால் உடம்பில் அளக்காதீர்கள், அதற்குப் பொருந்தும் பழைய சட்டையைத் தரையில் விரித்து அளந்துகொள்ளுங்கள் என்று தொடங்குவார். கைக்குழியை வெட்டுவதற்கு முன் துணியை நான்காக மடித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டைப் படம் எடுத்துப் போட்டிருப்பார். எங்கே கத்தரி திரும்ப வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டும் படம். எத்தனையோ பேர் அதைப் பார்த்து வெட்டக் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள்.

எழுத்துகளில் பெரும்பகுதியை இணைய ஆவணக் காப்பகத்தின் 'வேபேக் மெஷின்' தந்தது. ப்ரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய அமைப்பு அது. 2001இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவர்கள் மட்டும் இல்லையென்றால் எங்களுக்கு ஒரு வரியும் மிஞ்சியிருக்காது. படங்களில் பாதி வரவில்லை. விரல் வைத்த படம் வரவில்லை.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதற்கு நிறையப் பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி. செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். டொமைன் பெயரை ஒரே முறையில் அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குத்தான் பதிவு செய்ய முடியும். ஒரேயடியாக நிரந்தரமாக வாங்க வழியே கிடையாது. எனவே உங்களுக்குப் பின் பணம் கட்ட ஒரு மனிதர் வேண்டும். புதுப்பிப்பு அறிவிப்புகள் போகும் முகவரிகளில் இரண்டாவதாக அவர் முகவரியையும் சேர்த்துவிடுங்கள்.

கனடாவில் டெரெக் மில்லர் என்ற வலைப்பதிவர் புற்றுநோயில் இறக்கும் முன்பே தன் கடைசிப் பதிவை எழுதி வைத்தார். 2011 மே மாதம் குடும்பத்தார் அதை வெளியிட்டார்கள். தளத்தை இனி மாறாத ஆவணமாக நிறுத்திவைக்கும் வேலையின் முதல் படி இது என்றும் அதிலேயே எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்தவரை ஒரு வலைப்பதிவர் தன் எழுத்துக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதான். செயலிகளும் தரவுத்தளமும் இல்லாத எளிய பக்கங்களாக மாற்றிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஒரு யு.எஸ்.பி.யில்கூட.

பிப்ரவரி 24

"ஒருமுறை இணையத்தில் ஏறியது என்றும் அழியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பரில். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். அதே ஆண்டு மைஸ்பேஸ், 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றி வைத்த பாட்டுகள் சர்வர் மாற்றத்தில் தொலைந்தன என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் யாஹூ குழுமங்களின் பழைய மடல்கள் நீக்கப்பட்டன. தமிழில் இணையத்தில் எழுதத் தொடங்கியவர்களின் முதல் சண்டைகளும் முதல் கவிதைகளும் அந்தக் குழுமங்களில்தான் இருந்தன. இன்றைய யூனிகோடுக்கு முன்பு தமிழ் எழுத்தைக் கணினியில் சேமிக்கப் பயன்பட்ட தகுதரம் போன்ற குறியேற்றங்களில் இருந்தவை, தப்பிப் பிழைத்திருந்தாலும், மாற்றிப் படிக்கத் தெரிந்தவர் கையில் கிடைத்தால்தான் உண்டு.

அவதூறும் அந்தரங்கப் படமும் அழியாமல் சுற்றுவது உண்மை. அன்பாக எழுதியது அழிந்துவிடுகிறது என்பதும் உண்மை. முன்னதைப் பிரதியெடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பின்னதை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

மார்ச் 2

ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் ஓமன், டேவிட் வாட்சன் இருவரும் 2019இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 2018க்குப் பிறகு ஒருவர்கூடப் புதிதாகச் சேரவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 2100க்குள் ஃபேஸ்புக்கில் குறைந்தது 140 கோடிப் பேர் இறந்தவர்களாக இருப்பார்கள். 2070 வாக்கில் அங்கே உயிரோடு இருப்பவர்களை இறந்தவர்கள் மிஞ்சக்கூடும்.

"அத்தனை குப்பையையும் யார் வைத்துக் காப்பது?" என்று ஒருவர் கேட்கிறார். குப்பை என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். அரசர்கள் கல்லில் வெட்டிவைத்தார்கள். சாதாரண மனிதர் தன் கையால் தன் நாளை எழுதியது இவ்வளவு பெரிய அளவில் வரலாற்றில் இதற்கு முன் இருந்ததே இல்லை. அதை வைத்திருக்கும் பொறுப்பு ஒரு விளம்பர நிறுவனத்திடம் மட்டும் இருப்பதுதான் எனக்குக் கவலை. 2019 நவம்பரில் ட்விட்டர் பயன்பாட்டில் இல்லாத கணக்குகளை நீக்கப்போவதாக அறிவித்தது. இறந்தவர்களின் பக்கங்கள் என்ன ஆகும் என்று மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் நிறுத்தி வைத்தது. அறிவிக்கும் வரை அந்த நிறுவனத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லையா?

மார்ச் 5

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் உயிரோடு இருப்பவர்களுக்கே பொருந்தும். பிரான்ஸ் 2016இல் இயற்றிய சட்டம், இறப்புக்குப் பின் தரவுகளை என்ன செய்வது என்று கட்டளை எழுதி வைக்க உரிமை தருகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நியமனதாரரைக் குறிப்பிடும் உரிமை இருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும், இறந்தவரின் இணையக் கணக்குகள் பற்றிய 2015 மாதிரிச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வரிசைதான்: நிறுவனத்தின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்ததற்கு முதலிடம், உயிலுக்கு இரண்டாம் இடம், நிறுவனத்தின் விதிகளுக்கு அதற்குப் பிறகு. ஆகவே 16ஆம் தேதி எழுதிய வசதிகளை வெறும் வசதி என்று நினைக்காதீர்கள்.

மார்ச் 9

இறந்தவரின் செய்திகளைக் கொண்டு பயிற்சி கொடுத்து, அவரைப் போலவே பேசும் இயந்திரத்தை உருவாக்கலாமே என்று ஒருவர் ஆசையோடு கேட்டிருக்கிறார். மைக்ரோசாஃப்ட் இப்படி ஒன்றுக்குக் காப்புரிமையே பெற்றிருக்கிறது. 2022இல் அமேசான், இறந்துபோன பாட்டியின் குரலில் அலெக்சா பேரனுக்குக் கதை படிப்பதாக மேடையில் காட்டியது.

அக்கா மகளும் என்னிடம் கேட்டாள். "மாமா, அம்மா குரல் பதிவுகள் நிறைய இருக்கின்றனவே, செய்ய முடியுமா?" முடியும் என்று தெரிந்தே, வேண்டாம் என்றேன். பேசியிலிருந்த வாட்ஸ்அப் குரல் செய்திகளை மட்டும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தேதி போட்டுப் பெயரிட்டு அவளிடம் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு பேசியில் அவை ஓபஸ் என்ற வகைக் கோப்புகளாகத் தனிக் கோப்புறையில் கிடக்கும். கணினியில் இணைத்தால் அப்படியே நகலெடுக்கலாம். பெரும்பாலானவை ஒன்றுமில்லாத விஷயங்கள். "சாவி எடுத்துக்கொண்டு போனாயா?" என்று ஒன்று. பின்னால் மின்விசிறிச் சத்தம், பாதியில் யாரையோ "வருகிறேன், இருங்கள்" என்கிறார். அது அவர் சொன்னது. அவர் சொல்லாத ஒன்றை அவர் குரலில் கேட்டுப் பழகிவிட்டால், நாளாக ஆக எது அவர் சொன்னது என்று அந்தப் பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்க வருமா? தன் குரலை இப்படிப் பயன்படுத்தலாம் என்று இருக்கும்போதே ஒருவர் மனமுவந்து எழுதிக் கொடுத்தால் அது வேறு. அக்கா அப்படிக் கொடுக்கவில்லை.

மார்ச் 15

முதல் வாசகர் தனிப்பட்ட முறையில் எழுதியிருந்தார். கூகுளில் அழிப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டாராம். ஆனால் ஒருவரை நியமித்து, "இவர் இறந்துவிட்டார்" என்ற செய்தி மட்டும் போகும்படி வைத்திருக்கிறாராம், எந்தக் கோப்பும் பகிராமல். இப்படிச் செய்யலாம் என்று எனக்கே தோன்றவில்லை. மிகவும் நல்ல ஏற்பாடு.

நான் வைத்திருப்பதையும் சொல்கிறேன். புகைப்படங்களும் ஆவணங்களும் அக்கா மகளுக்கு. மின்னஞ்சல் யாருக்கும் இல்லை. எனக்கு எழுதியவர்கள் எனக்குத்தான் எழுதினார்கள். தகவல் சொல்ல வேண்டியவர்களின் பெயரும் முகவரியும் தனியாக ஓர் ஆவணத்தில். உறவுக்காரர்கள் அல்லாதவர்கள்தான் அதில் அதிகம், ஏனென்றால் உறவினர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

மார்ச் 22

கடிதங்கள் எழுதிய அந்தப் பெண் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அவர் அனுமதி பெற்றுத்தான் எழுதுகிறேன். தான் எழுதியவற்றை அழித்துவிடும்படி கேட்டார். அக்கா தனக்கு எழுதிய பதில்களை மட்டும் அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். அவருடைய பழைய அஞ்சல் பெட்டி தொலைந்துபோயிருந்தது. அத்தானிடம் கேட்டேன். "அது அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் உள்ளது. கேட்பதைக் கொடுத்துவிடுங்கள் தம்பி" என்றார். அனுப்பிய அஞ்சல் பகுதியில் அவர் முகவரியைத் தேடி, அக்காவின் பதில்களைப் படிக்காமல் கோப்பாக்கி அனுப்பினேன். அவருடைய கடிதங்களை நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

பதில்களின் கீழே அவருடைய பழைய கடிதம் மேற்கோளாக ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதைக் கவனியுங்கள். இது போன்ற நிலையில் இருப்பவர்கள் அனுப்பிய அஞ்சலையும் அனுப்பிவிட்டு நீக்க வேண்டும். வந்ததை மட்டும் நீக்கினால் போதாது.

மார்ச் 23

கணக்கை எப்போது மூடப்போகிறீர்கள் என்ற கேள்விக்கு: வரிக் கணக்கும் காப்பீடும் முடிந்த பிறகு. நிறுவனங்கள் கேட்பது பொதுவாக இறப்புச் சான்றிதழ், விண்ணப்பிப்பவரின் அடையாளச் சான்று, உறவை நிரூபிக்கும் ஆவணம். சான்றிதழில் பெயர் எழுதியிருக்கும் விதமும் கணக்கில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். அக்கா கணக்கில் கணவர் பெயரையும், சான்றிதழில் தலைப்பெழுத்தையும் பார்த்துவிட்டு ஓரிடத்தில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே ஏற்றார்கள். சான்றிதழின் அசல் பிரதிகளைத் தொடக்கத்திலேயே கூடுதலாக வாங்கிவிடுங்கள்.